வார்டு செக்ரட்டரி ஆக எந்தக் கோர்ஸ்? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

திருமங்கலத்திலிருந்து அண்ணன் மகள் போன மாதம் ஒரு நோட்டீஸோடு வந்து நின்றாள். 'ஆறே மாதத்தில் மருத்துவமனை வேலை, 100% வேலைவாய்ப்பு' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்தவள், மார்க்கும் குறைச்சல் இல்லை. "அத்தை, இது நீங்க பார்த்த வேலைக்குத்தானே? அப்பா பணத்தை ரெடி பண்ணிட்டாரு. நீங்க சரின்னு சொன்னா திங்கக்கிழமையே சேர்ந்துருவேன்" என்றாள்.

எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் இருபது வயதில் இதே போன்ற ஒரு நோட்டீஸை நம்பி, அம்மாவின் தோட்டை அடகு வைத்துச் சேர்ந்தவள். அதற்குப் பிறகு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருடம் வார்டு செக்ரட்டரியாக இருந்தேன். இப்போது அங்கேயே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். அவளை இரண்டு நாள் வீட்டில் தங்க வைத்து, இந்த வேலைக்குள் நுழைய என்னென்ன வழி இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தோம். அவளைப் போலக் கையில் நோட்டீஸோடு யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வேலை எப்படி இருக்கும்

வெளியிலிருந்து பார்த்தால், நர்சிங் ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிக்கும் வேலை. சில இடங்களில் வார்டு கிளார்க் என்பார்கள், சில இடங்களில் ஃப்ளோர் கோஆர்டினேட்டர் என்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனி ஆள் பெரும்பாலும் கிடையாது. ஸ்டாஃப் நர்ஸே ஊசியும் போட்டு ரிஜிஸ்டரும் எழுதுவார். தனியாரில் அந்த எழுத்து வேலையை நர்ஸின் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் எங்களை எடுக்கிறார்கள்.

ஒரே ஒரு டிஸ்சார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த நிமிடமே வீட்டார் பையைக் கட்டத் தொடங்குவார்கள். இங்கே லேபிலிருந்து ஒரு ரிப்போர்ட் வந்திருக்காது. பிரிக்காத மருந்துகளை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்பி வரவு வைக்க வேண்டும். ஸ்கேன், பிசியோதெரபி, சாப்பாடு எல்லாம் பில்லில் ஒரு தடவை மட்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது என்ன நோய், என்ன சிகிச்சை என்று சொல்லும் சுருக்கம், டைப் ஆகி, ஜூனியர் டாக்டர் படித்து, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருப்பார். இத்தனைக்கும் நடுவில் புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வந்து நிற்கும், ரத்த வங்கியிலிருந்து போன் வரும், "எப்பம்மா எங்களை விடுவீங்க?" என்று ஒரு பாட்டி ஐந்தாவது தடவையாகக் கேட்பார். அவருக்கும் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் கேஸ் என்றால் இன்னும் ஒரு சுற்று. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் முறை) முன் அனுமதி கேட்டால் 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதல் கேட்டால் 3 மணி நேரத்துக்குள்ளும் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்லியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தக் கடிகாரம் மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். சம்மரியும் பில்லும் வார்டை விட்டுக் கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டால், பேஷண்ட் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவார்.

என் இரண்டாவது வருடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் செய்த ஒரு பெரியவர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இடது பக்கம் செய்த ஆபரேஷனை நான் சம்மரியில் வலது என்று அடித்துவிட்டேன். அவசரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி, முன் அனுமதிக் கடிதத்தில் இடது, சம்மரியில் வலது, எது உண்மை என்று கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பியது. திருத்தி, டாக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, மறுபடி அனுப்பி ஒப்புதல் வரும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. அந்தக் குடும்பம் வராந்தாவில் பெட்ஷீட் விரித்துப் படுத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் சரியான பக்கம்தான் நடந்திருந்தது, தப்பு தாளில் மட்டும்தான். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் போடும் லிஸ்டிலும் நான்தானே டைப் அடிக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

நான் படித்த ஆறு மாதக் கோர்ஸில் ஒரு தடவைகூட உண்மையான கேஸ் ஷீட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாள்களை) எங்களுக்குக் காட்டவில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்குவது, கோடு போடுவது, நடுவில் கொண்டுவருவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இடது வலதைக் கேஸ் ஷீட்டோடும் கன்சென்ட் ஃபாரத்தோடும் (சம்மதப் படிவம்) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இப்போது என்னிடம் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பயிற்சியில் கேஸ் ஷீட் கைக்கு வருமா, எந்த மாதத்தில் வரும், பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருப்பாரா? கட்டணம், சான்றிதழ், கட்டடத்தின் பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நோட்டீஸில் வரும் ஆறு மாதக் கோர்ஸ்

'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்', 'ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன்', 'மெடிக்கல் செக்ரட்டரிஷிப்' என்று பெயர் பலவாக இருக்கும். எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஒரு மருத்துவமனையே தன் கட்டடத்துக்குள் நடத்தி, காலையில் வகுப்பு, மத்தியானம் வார்டு என்று வைத்திருந்தால் அந்தக் கோர்ஸுக்குக் காசு கொடுக்கலாம். மாடிப்படி ஏறிப் போனால் இரண்டு வகுப்பறையும் பத்து கம்ப்யூட்டரும் மட்டும் இருக்கிற இடம் என்றால் நான் யோசிப்பேன்.

சான்றிதழின் மதிப்பைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் மத்திய அரசு, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் உள்ள 10 வகைத் தொழில்களில், மருத்துவத் தகவல் மேலாண்மையும் ஒரு வகை. அந்தச் சட்டம் துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்வது, குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவரை. நாளைக்கு 4 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் ஆறு மாதக் கோர்ஸ் 600 மணி நேரம்தான் வரும். இன்றைய தேதியில் தனியார் மருத்துவமனை வார்டு செக்ரட்டரியை எடுக்க அந்தச் சட்டத்தின் கீழான பதிவைக் கேட்பதில்லை, உண்மை. ஆனால் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'அகில இந்திய' என்று பெயர் தொடங்குவதால் மட்டும் அங்கீகாரம் வந்துவிடாது.

100% வேலைவாய்ப்பு என்கிறார்களே, போன பேட்ச்சில் யார் யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பெயர் கொடுத்தால் அந்த மருத்துவமனைக்கே நேரில் போய் விசாரியுங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவுதான். அண்ணன் மகளை நான் அப்படித்தான் அனுப்பினேன். அவர்கள் கொடுத்த இரண்டு பெயரில் ஒரு பெண் பில்லிங் கவுன்டரில் இருந்தாள், கோர்ஸ் படிக்காத இன்னொரு பெண்ணும் அதே சம்பளத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இரண்டாவது ஆள் அங்கே வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

நேராக டிரெய்னியாகச் சேருவது

இது பலருக்குத் தெரியாத வழி, அல்லது தெரிந்தும் மதிக்காத வழி. மதுரை, கோவை, திருச்சி, சென்னை போன்ற ஊர்களில் நடுத்தர, பெரிய மருத்துவமனைகள் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்தவர்களைப் பயிற்சியாளராக எடுத்து, மூத்த செக்ரட்டரியின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை பார்க்கும் செக்ரட்டரிகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள்தான். பி.காம். படித்தவர் உண்டு, தமிழ் இலக்கியம் படித்தவர் உண்டு. தமிழ் படித்த அந்தப் பெண் எழுதும் சம்மரியில் ஒரு எழுத்துப் பிழை பார்க்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, கோர்ஸ் கட்டணம் 40,000 ரூபாய், டிரெய்னி சம்பளம் மாதம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து, கோர்ஸில் சேர்ந்த பெண்ணின் வீட்டிலிருந்து 40,000 போயிருக்கும், டிரெய்னியாகப் போன பெண்ணின் வீட்டுக்கு 48,000 வந்திருக்கும். நடுவில் 88,000 ரூபாய் வித்தியாசம். டிரெய்னியாகப் போனவளுக்கு ஆறு மாத வார்டு அனுபவம் வேறு. கோர்ஸ் முடித்தவளும் அதே டிரெய்னி நாற்காலியில்தான் வந்து உட்காரப் போகிறாள் என்றால் அந்தப் பணம் எதற்குப் போனது?

ஆனால் இந்த வழியில் ஏமாறவும் இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'டிரெய்னி' என்ற பெயரிலேயே ஒன்றரை வருடம் வைத்திருப்பார்கள். வார்டு என்று சொல்லி எடுத்துவிட்டு ரிசப்ஷனில் நிற்க வைப்பார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, வேறு நல்ல வேலை கிடைத்தாலும் விடமாட்டார்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. பயிற்சிக்காலம் எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன சம்பளம் என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். பி.எஃப். பிடிப்பார்களா, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறீர்கள், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போதுதான் அதன் அருமை தெரியும். நைட் ஷிஃப்ட் உண்டா, முடிந்து போக வண்டி உண்டா என்பதைப் பெண்பிள்ளைகளின் பெற்றவர்கள் முதல் நாளே கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பே இல்லை.

எந்த மருத்துவமனை என்பதும் முக்கியம். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் பெற்ற இடமாக இருந்தால் நல்லது. அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன இருக்க வேண்டும், எந்தச் சுருக்கெழுத்தைப் பயன்படுத்தலாம், கேஸ் ஷீட்டில் எழுதியதை எப்படித் திருத்த வேண்டும் என்று எழுத்தில் விதி இருக்கும், ஆடிட் நடக்கும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததைப் பதிவு செய்து காட்ட வேண்டியிருக்கும். அந்த ஆடிட்டுக்குத் தயாராகும் ஒரு மாதத்தில் நான் கற்றது, அதற்கு முன் இரண்டு வருடத்தில் கற்றதை விட அதிகம். உதாரணமாக, இன்சுலின் 10 யூனிட் என்பதை '10' போட்டு ஆங்கில 'யு' எழுத்தை ஒட்டினால் அவசரத்தில் 100 என்று படிக்கப்படும், அதனால் யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும் என்று ஒரு சிஸ்டர்தான் எனக்குச் சொன்னார். பாயின்ட் ஃபைவ் என்றால் முன்னால் சைபர் போட வேண்டும், வெறும் 5 என்றால் பின்னால் பாயின்டும் சைபரும் போடக் கூடாது. 'ஓடி' என்றால் எங்கள் வார்டில் நாளைக்கு ஒரு வேளை, கண் ஆஸ்பத்திரியில் வலது கண். இதெல்லாம் வார்டில் பக்கத்தில் நிற்பவர் சொல்லித்தான் மனதில் நிற்கிறது.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் படிப்பு

பயாலஜி குரூப் எடுத்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் பி.எஸ்சி. மெடிக்கல் ரெக்கார்டு சயின்ஸும் ஒன்று. வேலூர் சி.எம்.சி., மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பயிற்சிக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். இன்னொன்று, மத்திய சுகாதார அமைச்சகத்தின் சி.பி.எச்.ஐ. (சுகாதாரப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் பிரிவு) நடத்தும் பயிற்சி: மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியனுக்கு 6 மாதம், மெடிக்கல் ரெக்கார்டு ஆபீசருக்கு 1 வருடம். அதன் பயிற்சி மையங்களில் புதுச்சேரி ஜிப்மரும் ஒன்று என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வசதி. இடங்கள் குறைவு, அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுவும் ஆறு மாதம்தானே என்று கேட்பீர்கள். ஆறு மாதம்தான், ஆனால் பயிற்சி நடப்பது ஆயிரக்கணக்கான ஃபைல்கள் ஓடும் ஒரு பெரிய மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுக்குள்.

இந்தப் படிப்பின் பலன் அரசு வேலைக்கான கதவு. எய்ம்ஸ் மருத்துவமனைகள் மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன் பணிக்கு ஆள் எடுக்கும்போது வழக்கமாகக் கேட்கும் தகுதியைப் பாருங்கள்: மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் பி.எஸ்சி., இல்லாவிட்டால் அறிவியல் பிரிவில் பிளஸ் டூவோடு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் குறைந்தது 6 மாத மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் படிப்பும் மருத்துவமனையில் ரெக்கார்ட்ஸ் பராமரிப்பில் 2 வருட அனுபவமும். கூடவே ஆங்கில டைப்பிங் நிமிடத்துக்கு 35 வார்த்தை. எங்கள் ஊர்ப்பக்கம் தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து, திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த வேலையைப் பற்றிய பேச்சு ஓடுகிறது. அந்தப் பேச்சு உண்மையாக வேண்டுமானால் பிள்ளை கையில் இருக்க வேண்டியது மேலே சொன்ன தகுதிதான். நோட்டீஸ் கோர்ஸின் சான்றிதழ் அந்தக் கவுன்டரில் எடுபடாமல் போகலாம்.

டைப்பிங் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். நம் அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு லோயர் என்பது நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. லோயரோடு நின்றுவிட்டால் அந்த 35-க்கு ஐந்து வார்த்தை குறைகிறது. தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் வரும் பயிற்சிகளிலேயே செலவு குறைவானதும், கடைசிவரை கூட வருவதும் அதுதான்.

ஆனால் வேலையின் குணம் வேறு என்பதைப் புரிந்துகொண்டு போக வேண்டும். ரெக்கார்ட்ஸ் பிரிவு என்பது பேஷண்ட் வீட்டுக்குப் போன பிறகு தொடங்கும் வேலை. ஃபைலில் எந்தக் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது, நோய்க்கு ஐ.சி.டி. (உலக அளவில் நோய்களுக்கு வைத்திருக்கும் எண் வரிசை) குறியீடு போடுவது, போலீஸ் கேஸ் ஃபைல்களைத் தனியாகப் பூட்டி வைப்பது, கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் எடுத்துக்கொண்டு போவது. உள்நோயாளி ஆவணங்களைக் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும், பேஷண்ட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ன் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. அந்த 72 மணி நேரத்தைக் காப்பாற்றுவது எங்கள் பிரிவுதான். அமைதியான வேலை, பெரும்பாலும் பகல் வேலை. மனிதர்களோடு பேசாமல் இருக்க முடியாத பெண்ணைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தால் மூன்று மாதத்தில் வாடிப்போவாள். நானே முழங்கால் வலி வந்த பிறகுதான் மாறினேன், இப்போதும் வார்டுப் பக்கம் போகச் சாக்குத் தேடுகிறேன்.

அரவிந்த் போன்ற இடங்களின் உள்பயிற்சி

மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்த கையோடு எடுத்து, உதவித்தொகையோடு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கண் பரிசோதனை, தியேட்டர், வார்டு, நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது, ரெக்கார்ட்ஸ் என்று பிரித்து விடுவார்கள். வீட்டிலிருந்து ஒரு பைசா போடமுடியாத குடும்பத்துக்கு இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியவில்லை. பயிற்சியும் உண்மையான வேலையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால், நான் கேட்ட கேஸ் ஷீட் கேள்விக்கும் பதில் அங்கே இருக்கிறது.

யோசிக்க வேண்டியது இரண்டு. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது உங்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்தது இல்லை. கற்பது முழுக்கக் கண் மருத்துவத்தைச் சுற்றியே இருப்பதால், பின்னால் பொது மருத்துவமனைக்கு மாறினால் இதயம், எலும்பு, மகப்பேறு வார்டுகளின் மொழியைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஒழுங்கு பழகிய கைக்கு அது பெரிய மலை இல்லை.

மற்றவை

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில், சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் வரையறுத்த பயிற்சிகள் இருக்கின்றன. ஹாஸ்பிடல் ஃப்ரண்ட் டெஸ்க் கோஆர்டினேட்டர், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் போன்றவை. கட்டணம் இல்லாமல் கிடைத்தால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் முதலாவது வரவேற்பு மேஜைக்கு, இரண்டாவது பேஷண்டைக் குளிப்பாட்டி, உட்காரவைத்து, கூடவே இருக்கும் உதவியாளருக்கு. இரண்டுமே மரியாதையான வேலை, வார்டு செக்ரட்டரி வேலை மட்டும் இல்லை.

மெடிக்கல் கோடிங்கைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களுக்குக் குறியீடு போடும் கம்பெனிகள் நிறைய. லைஃப் சயின்ஸ் டிகிரியோ நர்சிங்கோ பார்மசியோ படித்தவர்களுக்கு அது நல்ல வழி, சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறினால் சம்பளமும் ஏறும். ஆனால் அது மருத்துவமனை வேலை கிடையாது, ஆபீஸ் வேலை. ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வருடங்கள் போகும். அது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு அதுவே குறை.

இணையத்தில் 'ஹெல்த் யூனிட் கோஆர்டினேட்டர்' என்று அமெரிக்கப் பெயரில் சான்றிதழ் விற்பவர்களும் கண்ணில் படுவார்கள். அமெரிக்காவில் அது நிஜமான தொழில்தான். 1980-ல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள், 1983-லிருந்து சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது, ஆகஸ்ட் 23-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். படித்தபோது எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது, நமக்கு இங்கே அப்படி ஒரு சங்கம் இல்லையே என்று. ஆனால் அந்தத் தேர்வு அந்த நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறைக்காக அமைந்தது. மதுரையில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அங்கேயிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ஒரு காலத்தில் டாக்டர் எழுதிய ஆர்டரைப் படித்து லேபுக்கும் ஃபார்மசிக்கும் பெயர்த்து எழுதுவதுதான் அவர்களின் முக்கிய வேலை. 2009-க்குப் பிறகு அரசின் ஊக்கத்தொகையோடு கம்ப்யூட்டர் பதிவுகள் பரவ, டாக்டர்களே ஆர்டரை நேராகக் கம்ப்யூட்டரில் போடத் தொடங்கினார்கள். பெயர்த்து எழுதும் வேலை சுருங்கியது. ஆளையும் தாளையும் நேரத்தையும் ஒன்று சேர்க்கும் வேலை நின்றது. நம் பெரிய மருத்துவமனைகளிலும் அது நடந்துகொண்டிருக்கிறது. டைப்பிங்கை மட்டும் நம்பி வரும் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

பயாலஜி குரூப், வீட்டில் மூன்று நான்கு வருடம் பொறுக்க முடியும் என்றால் பி.எஸ்சி. மெடிக்கல் ரெக்கார்டு சயின்ஸ். நான் தயங்கவே மாட்டேன். அதே குரூப், உடனே சம்பளம் வேண்டும் என்றால் டிரெய்னியாகச் சேர்ந்து அனுபவம் சேர்த்துக்கொண்டே ஜிப்மர் பயிற்சிக்கு முயற்சி செய்யலாம். எய்ம்ஸ் கேட்கும் இரண்டு வருட அனுபவம் ரெக்கார்ட்ஸ் வேலையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டிகிரி முடித்துக் கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்த பெண்களுக்கும் டிரெய்னி வழிதான் ஏற்றது. அவர்களுக்கு மனிதர்களைச் சமாளிக்கும் பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது. என் வார்டில் இருந்த மிகச் சிறந்த செக்ரட்டரி 36 வயதில் முதல் தடவையாக வேலைக்கு வந்தவர். வீட்டு நிலைமை ரொம்பவும் நெருக்கடி, பெண் ஹாஸ்டலில் தங்கத் தயார் என்றால் அரவிந்த் மாதிரியான உள்பயிற்சி.

அண்ணன் மகளுக்கு காமர்ஸ் என்பதால் பி.எஸ்சி. கதவு முதலிலேயே மூடிவிட்டது. அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப வார்டுலயே மேல போக வழி இருக்கா அத்தை?" என்று கேட்டாள். இருக்கிறது. செக்ரட்டரியிலிருந்து ஃப்ளோர் இன்சார்ஜ், இன்சூரன்ஸ் டெஸ்க், ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்று போனவர்களை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு டிகிரி வேண்டும், அது பி.காம். ஆக இருந்தாலும் போதும், தொலைதூரக் கல்வியில் படித்தாலும் போதும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த ஆவணம் வேண்டும், தனியார் இன்சூரன்ஸில் என்ன கேள்வி வரும் என்று கணக்குப் படித்த பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும். அந்த மேஜையில் காமர்ஸ் குரூப் ஒரு குறையே இல்லை.

அண்ணன் போனில், "கோர்ஸே படிக்காம எப்படி வேலைக்கு அனுப்புறது? நாலு பேரு கேட்டா என்னத்தச் சொல்றது?" என்று சத்தம் போட்டார். என் அம்மாவின் தோடு எத்தனை வருடம் கழித்து மீண்டது என்று அவருக்கே தெரியும், அதைத்தான் சொன்னேன். கடைசியில் இப்படி முடிவானது: கோர்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் டைப்ரைட்டிங், லோயரோடு நிற்காமல் ஹையர் வரை. மீதி தொலைதூரக் கல்வி பி.காம். கட்டணத்துக்கு. என்.ஏ.பி.எச். அங்கீகாரம் உள்ள மூன்று மருத்துவமனைகளில் விண்ணப்பம் போட்டாள். ஒன்றில் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டபோது, காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பயிற்சி ஆறு மாதம் என்று லெட்டரில் எழுதி வாங்கியிருக்கிறாள். எலும்பு முறிவு வார்டில் போட்டிருக்கிறார்கள், முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லையாம். டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டுகளைக் கொடுத்து, எந்தத் தாள் எதற்கு என்று படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "போர் அடிக்குது அத்தை" என்றாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.